பசை விட்டதா, மரம் இழுத்ததா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சொற்களை நீக்கி, வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தியிருக்கிறோம். பேச்சுநடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் நேராக ஒரு நேயரின் கேள்விக்கே போயிடலாம். அவர் நாகர்கோவில்காரர், வேலை பெங்களூரில். போன வருஷம் ஐப்பசியில், நல்ல மழை நேரத்தில், ஊரில் ஓர் ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை செய்திருக்கிறார். கார்த்திகையில் மேசை பெங்களூர் போயாச்சு. ஏ.சி. ஓடும் ஹால். மாசி முடிவதற்குள் மேசையின் நடுவில், இரண்டு பலகை சேரும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்குப் பிளவு.

குரல் செய்தியில் அவர் கேட்டது இது: "பசை மட்டம், ஆசாரி ஏமாத்திட்டார்னு வீட்ல சொல்றாங்க. அவருக்கு இன்னும் கொஞ்சம் பணம் பாக்கி இருக்கு. கொடுக்கவா, வேண்டாமா?"

ரொம்ப நியாயமான கேள்வி. ஒரு பக்கம் இவருடைய சேமிப்பு, இன்னொரு பக்கம் ஒரு தொழிலாளியின் கூலியும் பேரும். அதனால் சும்மா ஊகத்தில் பதில் சொல்ல எனக்கு மனசில்லை. மேசையின் படங்களை வாங்கிப் பார்த்தேன். பதில் சொல்றேன். ஆனால் அதற்கு முன்னால் மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏன்னா, ஒட்டிய மூட்டு விட்டுப்போனால் நம்ம ஊரில் முதலில் திட்டு வாங்குவது பசை, அடுத்தது ஆசாரி. மரத்துக்குள் இருந்த ஈரத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

மரத்துக்குள் தண்ணீர் எங்கே இருக்கு?

மரம் என்பது நெருக்கமாக அடுக்கிய நுண்ணிய குழாய்கள் மாதிரி. தண்ணீர் அதில் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, குழாயின் உள்வெளியில். இன்னொன்று, குழாயின் சுவருக்குள்ளேயே ஊறி இருப்பது. வெட்டிய மரத்தைக் காயப்போட்டால் முதலில் உள்வெளித் தண்ணீர் போகும். அது போகும்போது மரத்தின் எடை குறையும், ஆனால் அளவு மாறாது. அது முழுக்கப் போய், சுவரில் மட்டும் தண்ணீர் மிஞ்சும் கட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலான மரங்களில் அது 28 முதல் 30 சதவீத ஈரம். அதற்குக் கீழே இறங்க ஆரம்பித்த பிறகுதான் சுவர் ஒடுங்கி மரம் சுருங்கும். திரும்ப ஈரம் ஏறினால் உப்பும்.

சதவீதம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு துண்டின் எடை 46 கிராம். அதை 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில், எடை இனி குறையாது என்கிற வரைக்கும் காயவைத்த பிறகு 40 கிராம். போன தண்ணீர் 6 கிராம். அதைக் காய்ந்த எடையான 40-ஆல் வகுத்தால் 15 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. ஈர எடையால் வகுக்கக் கூடாது, அது பலர் இடறும் இடம்.

இதில் முக்கியமான விஷயம்: மரம் "காய்ந்து முடிந்தது" என்று ஒன்று கிடையாது. சுற்றியிருக்கும் காற்று எப்படியோ அப்படி மரமும் மாறிக்கொண்டே இருக்கும். நம் வெப்பநிலையில், காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். காற்று 65 சதவீதம் என்றால் சுமார் 12. ஏ.சி. அறையில் காற்று 50 சதவீதம் என்றால் மரம் 9 பக்கம் இறங்கிவிடும். வார்னிஷ், பாலிஷ் எல்லாம் இந்தப் போக்குவரத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. நூறு வருஷப் பழைய தேக்குத் தூணும் இன்றைக்கும் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கிக்கொண்டுதான் இருக்கு.

அதனால் ஒட்டு மூட்டுக்கு ஈரம் மூன்று காலத்தில் கணக்காகிறது. ஒட்டும் நாளில் மரத்தில் இருந்த ஈரம். ஒட்டிய பிறகு அந்த ஈரம் எவ்வளவு மாறியது. பசையே ஈரத்தில் நனைந்தால் என்ன ஆகும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒட்டும் நாளில்

நம் பட்டறைகளில் அதிகம் ஓடுவது வெள்ளைப் பசை. ஃபெவிகால் என்று ஒரு கம்பெனிப் பேரையே பொதுப்பேராக்கி விட்டோம். ரசாயனப் பெயர் பாலிவினைல் அசிடேட். அந்த வெள்ளைப் பாலில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதில் நுண்ணிய பிசின் உருண்டைகள் மிதக்கும். தண்ணீர் மரத்துக்குள்ளும் காற்றிலும் போகப் போக, உருண்டைகள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, ஒரே படலமாகும். அதாவது, இந்தப் பசை இறுகணும் என்றால் அதிலிருக்கும் தண்ணீருக்குப் போக இடம் வேண்டும்.

இப்போ மரம் ஏற்கெனவே 20, 22 சதவீத ஈரத்தில் இருக்குன்னு வெச்சுக்குங்க. தண்ணீர் எங்கே போகும்? பசை நீர்த்த நிலையிலேயே கிடக்கும். கிளாம்பை இறுக்கினால் பாதி வெளியே வழியும், மீதி மரத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். இரண்டு பலகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய படலம் மெலிந்து போகும். வழக்கமான நேரத்தில் கிளாம்பைக் கழற்றினால் மூட்டு வெளியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பாதி கூட இறுகியிருக்காது.

மறுகோடியும் சிக்கல்தான். சூளையில் ரொம்பக் காய்ந்து, 5 சதவீதத்துக்கும் கீழே போன மரம், தாகம் எடுத்தவன் மாதிரி பசையின் தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். ஒரு பலகையில் தடவிய பசை, மற்றப் பலகையை நனைப்பதற்குள்ளேயே தோல் கட்டிவிடும். கத்திரி வெயில் மதியத்தில், விசிறிக்கு அடியில், பெரிய மேசைக்குப் பசை தடவும்போதும் இதே கதை. முதல் பலகைக்குத் தடவி முடித்து ஆறாவது பலகைக்கு வருவதற்குள் முதலாவது காய்ந்திருக்கும். அதனால்தான் தெரிந்தவர்கள் பெரிய வேலையைக் காலையிலேயே, இரண்டு இரண்டு பலகையாக ஒட்டுவார்கள்.

சரி, எவ்வளவுதான் இருக்கணும்? வீட்டுச் சாமான் என்றால், அது போய் உட்காரப் போகும் இடத்தில் மரம் எந்த ஈரத்தில் நிலைக்குமோ, அதற்கு அருகில். நம் கடலோர ஊர்களில் ஏ.சி. இல்லாத வீட்டுக்கு 12, 13. ஏ.சி. அறைக்கு 9, 10. இதைவிட முக்கியம், சேர்க்கிற பலகைகள் எல்லாம் ஒரே அளவு ஈரத்தில் இருப்பது. 10 சதவீதப் பலகையையும் 16 சதவீதப் பலகையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், இரண்டும் கடைசியில் ஒரே ஈரத்துக்கு வரும்போது ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று கம்மியாகச் சுருங்கும். அந்தச் சண்டை முழுக்க நடுவில் இருக்கும் பசைக் கோட்டில்தான் நடக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். பசையின் தண்ணீர் மூட்டின் இரு பக்கமும் மரத்தைக் கொஞ்சம் உப்ப வைக்கும். அடுத்த நாளே இழைப்புளி போட்டு மட்டமாக்கினால், உப்பிய பகுதியிலிருந்து கூடுதலாகச் சீவுகிறோம். சில நாள் கழித்து அந்த இடம் காய்ந்து ஒடுங்கும்போது, மூட்டு நெடுக மெல்லிய பள்ளக்கோடு விழும். பாலிஷ் போட்ட பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் நல்லாத் தெரியும். மூட்டின் பலம் இதில் குறையாது, ஆனால் வாடிக்கையாளர் முகம் சுருங்கும். ஒட்டியதை நாலைந்து நாள் விட்டுவிட்டு இழைத்தால் இது வராது.

எல்லாப் பசைக்கும் ஒரே நியாயம் இல்லை

பாலியூரித்தேன் பசைக்கு ஈரம் எதிரி இல்லை, சாப்பாடு. காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்துதான் அது இறுகும். நுரைத்துக்கொண்டு வருவது அந்த வினையால்தான். ரொம்பக் காய்ந்த மரத்தில், ஒரு பக்கம் ஈரத் துணியால் லேசாகத் துடைத்துவிட்டு ஒட்டச் சொல்வார்கள். ஆனால் ஒன்று: அந்த நுரை இடைவெளியை நிரப்பின மாதிரி தெரியும், நுரைக்குப் பலம் கிடையாது.

பழைய ஆசாரிகள் பயன்படுத்திய வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை, உலர்ந்த இடத்தில் அருமையாக நிற்கும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். அதையே குணமாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. வயலின் பழுது பார்ப்பவர்களுக்கு, உடைக்காமல் திறக்க முடிகிற மூட்டுதான் வேண்டும்.

பிளைவுட்டில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவு. உள்வீட்டுத் தரத்துக்கு யூரியா ஃபார்மால்டிஹைட் பிசின். விலை மலிவு, இறுகினால் கல். ஆனால் நீண்ட நாள் ஈரமும் வெப்பமும் பட்டால் அந்தப் பிசினின் பிணைப்பையே தண்ணீர் மெல்ல அறுக்கும். மரைன் பிளைவுட்டுக்குப் ஃபீனால் ஃபார்மால்டிஹைட். அதனால்தான் ஓரத்தில் கருஞ்சிவப்பாகக் கோடு தெரியும். ஐ.எஸ். 710 தரத்துக்கு அந்தத் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியாமல் இருக்கணும். எம்.ஆர். என்று முத்திரை குத்திய பலகையைச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் போடாதீங்க. அது ஈரம் ஓரளவு தாங்கும் என்றுதான் அர்த்தம், தண்ணீர் தாங்கும் என்று இல்லை.

ஒட்டிய பிறகு: மரம் இழுக்கும் இழுவை

மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நீளவாட்டில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அகலவாட்டில்தான் அசைவு. அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து வெளியே போகும் திசையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தேக்கு இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. அதுவே பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காயும்வரை வளையத் திசையில் 6 சதவீதத்தை நெருங்கிச் சுருங்கும், மறு திசையில் 2.5 சதவீதம்.

நம் நேயரின் மேசைக்கு வருவோம். அகலம் 900 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் செய்தபோது மரம் 15 சதவீதத்தில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். பெங்களூர் ஏ.சி. ஹாலில் 10-க்கு வந்துவிட்டது. ஐந்து சதவீத இறக்கம். பலகைகள் வளையத் திசையில் அறுத்தவையாக இருந்தால், தேக்கில் ஒரு சதவீத இறக்கத்துக்குச் சுமார் 0.19 சதவீதம் சுருக்கம். ஐந்துக்கு 0.95 சதவீதம். 900-இல் அது எட்டரை மில்லிமீட்டர்! மேசை சுண்டுவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்கப் பார்க்குது. பலகைகள் கலந்து அறுத்தவை என்றால் ஐந்தாறு மில்லிமீட்டர். சுருங்க விட்டுவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது.

தெரியாமல் போகாததற்குக் காரணம் மேசையின் இரண்டு முனையிலும் இருக்கும் குறுக்குச் சட்டம். அதன் நீளம் மாறாது. மேற்பலகைகளை அந்தச் சட்டத்தோடு முழு அகலத்துக்கும் பசை போட்டு, திருகும் அடித்துவிட்டால், மேசை சுருங்க முயலும்போது சட்டம் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். ரேகைக்குக் குறுக்கே இழுத்தால் மரம் ரொம்பப் பலவீனம், விறகு பிளக்கிறவங்களுக்குத் தெரியும். எங்கேயாவது ஓர் இடம் விட்டுக்கொடுத்துதான் ஆகணும்.

நாற்காலிக் காலிலும் இதே இயற்பியல்தான். ஒரு சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு சட்டத்தின் துளையில் செருகி ஒட்டுகிறோம். நாக்கின் அகலம் ஈரத்தோடு உப்பிச் சுருங்கும். துளை இருக்கும் சட்டமோ அந்தத் திசையில் நீளவாட்டு மரம், அசையாது. 150 மில்லிமீட்டர் அகல நாக்கு நாலு சதவீத ஈரத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறும். ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு கோடைக்கும் பசைக் கோட்டை முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வெள்ளைப் பசை சற்று நெகிழும் என்பதால் சின்ன அசைவைத் தாங்கிவிடும், பெரியதைத் தாங்காது. அகலமான சட்டத்துக்கு ஒரே நாக்காக வைக்காமல் இரண்டு சின்ன நாக்காகப் பிரிப்பது இதனால்தான். கதவின் நடுப்பலகையைப் பசை போடாமல் சட்டத்தின் காடியில் சும்மா செருகி விடுவதும் இதனால்தான். நம் பழைய வாசற்கதவுகளில் நடுப்பலகை லேசாக ஆடினால் அது குறை இல்லீங்க, ஏற்பாடு.

உடைந்த மூட்டைப் படிப்பது எப்படி?

பசை பரிசோதனைக் கூடங்களில் மூட்டை உடைத்த பிறகு, எத்தனை கிலோவில் உடைந்தது என்பதோடு உடைந்த முகத்தையும் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். நாமும் அதையே செய்யலாம்.

இரண்டு முகத்திலும் மர நார் பிய்ந்து ஒட்டியிருந்தால், பசை தன் வேலையைச் செய்துவிட்டது. பசையைவிட மரம் முதலில் தோற்றிருக்கிறது. ஒரு முகத்தில் பசைப் படலம் வழுவழுப்பாக, எதிர் முகத்தில் சுத்தமான மரமாக இருந்தால், பசை எதிர்ப் பலகையைப் பிடிக்கவே இல்லை: தடவித் தாமதித்திருக்கலாம், மரம் ரொம்பக் காய்ந்திருக்கலாம், மேற்பரப்பில் எண்ணெய் அல்லது தூசி இருந்திருக்கலாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. அதனால் இழைத்த அன்றே ஒட்டணும், வாரக்கணக்கில் கிடந்த முகத்தில் ஒட்டக் கூடாது. இரண்டு முகத்திலும் பசையே காணோம், மரம் கறை படிந்த மாதிரி மட்டும் இருந்தால், பசை மரத்துக்குள் இறங்கிவிட்டது. ஈர மரம், அல்லது கிளாம்பின் அதீத அழுத்தம்.

நேயர் அனுப்பிய படங்களில் பிளவு மூட்டுக் கோட்டில் தொடங்கி, ஒரு சாண் தள்ளிப் பலகைக்குள்ளேயே ஓடுகிறது. இரண்டு முகத்திலும் நார் பிய்ந்து நிற்கிறது. பிளவு மேசை முனையில், குறுக்குச் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் அகலமாக இருக்கு. சட்டத்தின் அடியில் வரிசையாக எட்டுத் திருகு, எல்லாமே இறுக்கமான வட்டத் துளையில்.

ஆக, பசை கலப்படம் இல்லை. ஏமாற்று வேலையும் இல்லை. பசை பிடித்த பிடியில்தான் மரமே கிழிந்திருக்கிறது. நடந்தது இரண்டு விஷயம். நாகர்கோவில் மழை ஈரத்தில் செய்த மேசை உலர்ந்த அறைக்குப் போனது. அது சுருங்க வழி விடாமல் சட்டம் பூட்டப்பட்டது. இரண்டாவதை ஆசாரி கவனித்திருக்கலாம். ஆனால் மேசை ஏ.சி. ஹாலுக்குப் போகிறது என்று அவரிடம் யாராவது சொன்னார்களா என்று நேயரிடம் கேட்டேன். சொல்லலையாம்.

என் பதில்: பாக்கிப் பணத்தைக் கொடுத்துடுங்க. கூடவே இந்தக் காரணத்தையும் அவரிடம் சொல்லுங்க. சட்டத்தைக் கழற்றி, நடுத் திருகை மட்டும் இறுக்கமாக விட்டு, மற்றத் துளைகளை அகலவாட்டில் நீள்துளையாக்கச் சொல்லுங்க. பிளவை இப்போதே, மரம் காய்ந்து நிற்கும்போதே, திரும்ப ஒட்டலாம். மழைக்காலத்தில் தானாக மூடிக்கொள்ளும்போது ஒட்டினால் அடுத்த மாசியில் மறுபடி திறக்கும்.

இதே வழக்கு, விமானத்தில்

பசையா, பருவமா, வேலையா என்ற இந்த வழக்கு பெரிய இடத்திலும் நடந்திருக்கு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் மொஸ்கிட்டோ விமானம் 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. ஏறக்குறைய முழுக்க மரம்: பால்சா மரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் பிர்ச் பிளைவுட் ஒட்டிய உடல். ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை, பிறகு யூரியா ஃபார்மால்டிஹைட்.

1944-இன் இறுதியில் தூரக் கிழக்குப் போர்முனையில் சில விமானங்கள் விழுந்தன. இறக்கைத் தகடு தன் தாங்குசட்டத்திலிருந்து பிரிந்ததாகச் சந்தேகம். தயாரிப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்வர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் ஒரு குழு இந்தியா வந்தது. பசை கெட்டுப்போனது காரணமில்லை, பருவமழைக் காலத்தில் விமானத்தின் மரம் சுருங்கியதுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தது. பிறகு நடந்த விசாரணைகள் வேறு ஒன்றைக் கண்டன. இங்கிலாந்திலேயே இருந்த, பருவமழையையே பார்க்காத விமானங்களிலும் அதே குறைகள்! ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் தொழிற்சாலைகளில் ஒட்டு வேலை சரியாகச் செய்யப்படவில்லை என்று முடிவானது. ஆனால் விமானத்தின் மேல் நம்பிக்கை குறையக் கூடாது என்று அமைச்சகம் வெளியில் பருவநிலையையே காரணமாகச் சொல்லிக்கொண்டது.

இதை ஏன் சொல்றேன்னா, "ஈரம்தான் காரணம்" என்பதும் சில நேரம் சாக்காகிவிடும். நல்ல மூட்டு ஓரளவு ஈர மாற்றத்தைத் தாங்கும். சரியாக ஒட்டாத மூட்டைத்தான் ஈரம் முதலில் தேடிப் பிடிக்கும். அதனால் யாரைக் குறை சொல்வதானாலும் உடைந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லணும்.

பசையே நனையும்போது

மூன்றாவது காலம் மெதுவானது, அதனாலேயே ஆபத்தானது. ஜெர்மனியின் பாட் ரைக்கன்ஹால் ஊரில் ஒரு பனிச்சறுக்கு அரங்கம். 1970-களின் தொடக்கத்தில் கட்டியது. கூரையைத் தாங்கியவை மரப் பலகைகளை ஒட்டிச் செய்த பெட்டி வடிவ உத்தரங்கள். 2006 ஜனவரி 2, பள்ளி விடுமுறை நாள், கூரை மேல் கனத்த பனி. பிற்பகலில் கூரை இடிந்து விழுந்தது. 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள்.

காரணம் ஒன்று இல்லை, பல. வடிவமைப்புக் கணக்கில் பிழை. உத்தரத்தின் உயரம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. பராமரிப்பு போதவில்லை. இவற்றோடு, நம் தலைப்புக்கு நேராக வரும் ஒன்று: யூரியா ஃபார்மால்டிஹைட் பசை. உலர்ந்த கட்டடம் என்றால் அது பல காலம் நின்றிருக்கும். ஆனால் அடியில் பனித்தரை, மேலே ஈரக்காற்று. குளிர்ந்த மரத்தின் மேல் காற்றின் ஈரம் வியர்க்கும். முப்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ஈரம் பசைக் கோட்டை அரித்துக்கொண்டிருந்தது, பெட்டி உத்தரத்தின் உள்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாமல். அந்த விபத்துக்குப் பிறகு ஜெர்மனியில் பெரிய அரங்கங்களின் கூரைகளைக் குறித்த இடைவெளியில் வல்லுநர்கள் சோதிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதல் வந்தது.

ஒரு மேசை பிளந்தால் சத்தம் கேட்கும், கண்ணுக்குத் தெரியும். பசை மெல்லச் செத்தால் சத்தமே வராது. மொட்டை மாடி ஊஞ்சல், பால்கனி நாற்காலி, குளியலறைக்குப் பக்கத்துப் பரண்: ஆள் பாரம் ஏறும், ஈரமும் படும் இடங்களில் சாதாரண வெள்ளைப் பசையை நம்பாதீங்க. நீர் தாங்கும் வகையா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்க. பசை இல்லாவிட்டாலும் மூட்டு கழன்றுவிடாதபடி ஒரு மரஆணி அடிக்கச் சொல்லுங்க.

நீங்கள் செய்யக்கூடியது

சாமான் செய்யக் கொடுக்கும்போது, அது எந்த ஊரில், எந்த அறையில் இருக்கப் போகிறது, ஏ.சி. உண்டா என்று முதலிலேயே சொல்லிடுங்க.

மரத்தை அறுத்த பிறகு, முடிந்தால் அந்த அறையிலேயே, பலகைகளுக்கு நடுவில் ரீப்பர் வைத்துக் காற்றாட அடுக்குங்க. ஒரு பலகையில் அடையாளம் போட்டு வாரம் ஒரு முறை எடை போடுங்க. எடை மாறாமல் நின்றால் மரம் அந்த அறைக்குப் பழகிவிட்டது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், வீட்டுத் தராசு போதும்.

மாய்ஸ்சர் மீட்டர் வைத்திருந்தால் பலகையின் மேல்தோலில் மட்டும் குத்திப் பார்க்காதீங்க. மேலே 11 காட்டும், உள்ளே 18 இருக்கும். முனையிலிருந்து ஓர் அடி தள்ளி அறுத்து, புதிதாக வெட்டிய முகத்தின் நடுவில் பாருங்க. மரத்துக்கு மரம் மீட்டரின் அளவு மாறும், அதற்கான திருத்தத்தையும் போடணும்.

இழைத்த அன்றே ஒட்டுங்க. மூட்டு நெடுக மணிமணியாகப் பசை எட்டிப் பார்க்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். மழைக்காலத்தில் கிளாம்பை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் விடுங்க. அகலமான பலகையை எதன் குறுக்காகவும் முழுக்கப் பூட்டாதீங்க.

மூட்டு விட்டுப்போனால் திரும்ப ஒட்டுவதற்கு முன் அந்த முகத்தைப் படம் எடுத்து வையுங்க. நார் இருக்கா, வழுவழுப்பா, கறையா. காரணம் அதில்தான் எழுதியிருக்கும்.

இந்த வாரத்துக்கு இவ்வளவுதான். உங்கள் வீட்டில் விட்டுப்போன மூட்டின் படம் இருந்தால் அனுப்புங்க, அடுத்த பகுதியில் சேர்ந்து படிக்கலாம்.